சீரங்கப்பட்டணம் கண்ட சுவார்ட்ஸ் ஐயர்

மைசூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர், ஊரிலிருந்து உற்றார் உறவினர் வந்துவிட்டால் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் சீரங்கப்பட்டணம் முதன்மையானது. அரங்கநாதரை வணங்குகின்றோம். திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தைக் காட்டுகின்றோம். தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் தீட்டப்பெற்றுள்ள பொள்ளிலூர்ப் போர்க் காட்சியைப் பிள்ளைகள் வியந்து நோக்குகின்றனர். ஐதர் அலியும் திப்புவும் துயிலும் கும்பசைக் கண்டு, சங்கமத்தில் நீராடி, கொண்டுபோன கட்டுச்சோற்றை உண்டு, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புகின்றோம்.

இத்தனை இடங்களைக் கண்டும் நாம் கேளாத வரலாறு ஒன்று அக்கோட்டைக்கு உண்டு. தஞ்சையிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர், தமிழை நம்மைப் போலவே பேசியவர், 1779-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் அவையில் அவர் பக்கத்தில் அமர்ந்து பேசினார். அவர் வீரரும் அல்லர், வணிகரும் அல்லர். சமயத் தொண்டர் ஒருவர். கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ் என்பது அவர் பெயர். கிறிஸ்தவ குருமாரை ‘ஐயர்’ என்று அழைப்பது அந்நாளைய தமிழ் வழக்கு. ஆதலின் சுவார்ட்ஸ் ஐயர் என்றே தமிழ்நாடு அவரை அறியும்.

சங்க மலரில் கிறிஸ்தவத் தொண்டரைப் பற்றி எழுதுவது சமயப் பிரசாரத்துக்காக அன்று. எச்சமயத்தவரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு கேள்விக்கு, நாம் வாழும் இம்மண்ணிலேயே ஒருவர் தம் நடத்தையால் விடை சொல்லிச் சென்றார். அதனை நினைவூட்டுவதே என் நோக்கம்.

தராசுத் தட்டில் ஒரு கேள்வி

இயேசு பெருமான் தம் சீடர்களிடம் கேட்ட கேள்விகளுள் ஒன்று, வாணிகக் கணக்கின் முறையில் அமைந்தது. ஒரு தட்டில் உலகச் செல்வம் முழுவதும் இருக்கட்டும். மறு தட்டில் மனிதனின் ஆன்மா இருக்கட்டும். ஆன்மாவை விலையாகக் கொடுத்து உலகத்தை வாங்கியவன் கணக்கில் மிஞ்சுவது இலாபமா, நட்டமா? இதுவே அக்கேள்வியின் சாரம். கிறிஸ்தவ சமயத்தின் நெடிய வரலாற்றில் பலருடைய வாழ்க்கையை இக்கேள்வி திசை திருப்பியிருக்கின்றது. பாரிசு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் புகழை நாடி நின்ற பிரான்சிசு சவேரியாரின் காதில், இஞ்ஞாசியார் இதனையே இடைவிடாது ஓதினார் என்பர். அச்சவேரியாரே 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். திருவிதாங்கூரில் அரசு அலுவலராயிருந்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் கிறிஸ்தவம் தழுவித் தேவசகாயம் பிள்ளை ஆனார். பதவியும் மானமும் இழந்து, 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் உயிரையும் கொடுத்தார். கத்தோலிக்கத் திருச்சபை அவரை 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் புனிதராக அறிவித்தது.

செல்வம் நிலையாது என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார், ஓர் ஊசியின் பொருட்டுச் செல்வம் அனைத்தையும் துறந்த கதையைப் பாட்டி வாயிலாகக் கேட்டே வளர்ந்தோம். ஆயினும் அவை எல்லாவற்றையும் விட்டு நீங்கியவர்களின் வரலாறுகள். நம்மில் பெரும்பாலோர் அலுவலகத்திலும் கடையிலும் பணத்தினிடையே வாழ வேண்டியவர்கள். அவ்வாறு வாழ்பவன் என் செய்வது? சுவார்ட்ஸ் ஐயரின் வரலாறு நமக்குப் பயன்படுவது இங்கேதான். அவர் காட்டுக்குப் போகவில்லை. அரசர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் கும்பெனி அதிகாரிகளுக்கும் நடுவே நின்றார். ஆயினும் கை கறைபடாமல் நின்றார்.

ஐயரின் முன்வரலாறு

சுவார்ட்ஸ் 1726-இல் பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. ஹாலே நகரத்தில் கல்வி பயின்றபோது, சென்னையில் தொண்டாற்றித் திரும்பியிருந்த சூல்ச் ஐயரிடம் தமிழ் கற்றார். 1750-இல் கடலூரில் வந்து இறங்கித் தரங்கம்பாடி சேர்ந்தார். சில மாதங்களிலேயே தமிழில் சொற்பொழிவு ஆற்றும் திறம் பெற்றார். பின்னர் மராட்டி, பாரசீகம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளையும் கற்றுக்கொண்டார். தரங்கம்பாடியில் பன்னிரண்டு ஆண்டுகள், அடுத்துத் திருச்சிராப்பள்ளி, 1778 முதல் தஞ்சாவூர் என்று அவர் வாழ்க்கை காவிரிக் கரையிலேயே கழிந்தது. நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பவில்லை, மணமும் செய்துகொள்ளவில்லை.

திருச்சியில் அவர் வாழ்ந்த முறையை அங்கிருந்த ஆங்கிலேயர் சிலர் எழுதி வைத்துள்ளனர். பழைய கட்டடம் ஒன்றில், கட்டில் இடுவதற்கும் தாம் நிற்பதற்கும் மட்டுமே இடமுள்ள சிற்றறை. சாயம் தோய்த்த முரட்டுத் துணியில் கருப்பு அங்கி. நம்மவர் சமைக்கும் முறையில் சோறும் காய்கறியும். கோட்டைப் படையினர்க்கு வழிபாடு நடத்தியமைக்காகக் கும்பெனியார் அவர்க்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் அளித்தனர். அதிற் பெரும் பகுதி பள்ளிக்கும் ஆலயத்துக்கும் ஏழைகளுக்கும் சென்றது.

அக்காலத்துச் சென்னையை நினைத்தால்தான் இவ்வெளிமையின் அருமை விளங்கும். கர்நாடக நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த வெள்ளையர் கூட்டம் ஒன்று சென்னையை ஆட்டிப் படைத்த காலம் அது. 1773-இல் நவாபின் பொருட்டுத் தஞ்சையைக் கைப்பற்றிய கும்பெனியார், 1776-இல் அதனைத் துளஜா மன்னரிடம் திருப்பித் தந்தனர். அவ்வாறு திருப்பித் தந்த ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய ஆலோசனைச் சபையாரே சிறைப்படுத்தினர். அவர் 1777-இல் காவலிலேயே உயிர் நீத்தார். பணம் ஆளுநரையே சிறைவைத்த ஊரில், பணத்துக்கு விலைபோகாத மனிதர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி மெல்லப் பரவியது. அது மைசூர் வரையிலும் எட்டியது.

தூது செல்ல அழைப்பு

முதல் மைசூர்ப் போர் 1769-இல் சென்னை உடன்படிக்கையோடு முடிந்தது. ஒருவர்க்கு இடர் வந்தால் மற்றவர் உதவுவது என்று இரு திறத்தாரும் உறுதி கூறினர். ஆயினும் மராட்டியர் மைசூரின் மேல் படையெடுத்தபோது கும்பெனியார் உதவிக்கு வரவில்லை. அச்சினம் ஐதர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. 1779-இல் ஆங்கிலேயர் மாகே துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். ஐதருக்குப் படைக்கலங்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. மீண்டும் போர் மூளும் என்ற அச்சம் எங்கும் எழுந்தது.

இந்நிலையில் சென்னை ஆளுநர் ஸர் தாமஸ் ரம்போல்ட், சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, ஐதரிடம் சென்று அவர் கருத்தை அறிந்து வருமாறு வேண்டினார். கும்பெனியாரின் ஆட்களை நம்ப மாட்டேன், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் நம்புவேன் என்று ஐதர் கூறியதாக வரலாற்று ஆசிரியர் எழுதுவர்.

ஐயர் உடனே இசைந்துவிடவில்லை. அரசியலில் தலையிடுவது தம் தொழிலுக்குத் தகுமா என்று எண்ணிப் பார்த்தார், இறைவனை வேண்டினார். இரத்தம் சிந்தாமல் தடுக்க வாய்ப்பிருக்கையில் மறுப்பது முறையன்று என்ற முடிவுக்கு வந்தார். செல்லும் வழியெல்லாம் தம் சமயத் தொண்டும் நடைபெற வேண்டும் என்று கருதினார். யாரிடமிருந்தும் பரிசு பெறுவதில்லை, கையைத் தூய்மையாக வைத்துக்கொள்வது என்று உறுதி பூண்டார். இவ்வுறுதியை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மலை கடந்த பயணம்

இன்று மாலையில் மைசூர் நிலையத்தில் தஞ்சை வழியே செல்லும் விரைவு வண்டியில் ஏறுகின்றோம். வண்டி சீரங்கப்பட்டணம் கடந்து, பெங்களூர், சேலம் வழியே சென்று, கரூர், திருச்சி, தஞ்சை, மயிலாடுதுறை என்று ஓடுகின்றது. 2024-இல் அது கடலூர்த் துறைமுகம் வரையில் நீட்டிக்கப்பட்டது. ஐயர் வந்திறங்கிய ஊர், வாழ்ந்த ஊர், தூது சென்ற ஊர் அனைத்தையும் இன்று ஒரே இரவில் கடந்துவிடுகின்றோம்.

ஐயருக்கோ ஏறக்குறைய இரண்டு மாதம் ஆயிற்று. 1779 ஜூலைத் தொடக்கத்தில், துணைக்கு ஓர் உபதேசியாருடன் புறப்பட்டார். ஐதரின் எல்லைக் கோட்டையாயிருந்த கரூரில், மேற்செல்ல ஆணை வரும்வரை ஒரு மாத காலம் காத்திருந்தார். அங்கும் சும்மா இராமல் மக்களுக்குப் போதித்து வந்தார். பின்னர்க் கோயம்புத்தூர், சத்தியமங்கலம் வழியாகக் கெஜலெட்டிக் கணவாயில் மலையேறி மைசூர்ச் சீமையை அடைந்தார். நாம் இன்று பேருந்தில் திம்பம் மலைப்பாதையில் இறங்குகின்றோமே, அதே காட்டுப் பகுதியில் அந்நாளில் வழக்கிலிருந்த பாதை அது. ஆகஸ்டு இறுதியில் சீரங்கப்பட்டணம் வந்து சேர்ந்தார்.

மைசூர்ச் சீமையில் தாம் கண்டவற்றை அவர் நடுநிலையோடு எழுதினார். சாலையிலோ பாலத்திலோ பழுது காணப்பட்டால் ஐதர் ஒரு கணமும் தாழ்த்தாமல் செப்பனிடச் செய்வார். அதனாற் செலவும் குறைவு, பாதையும் நன்னிலையில் இருக்கும் என்று புகழ்ந்தார். கர்நாடகத்தில் ஐரோப்பியர் எல்லாவற்றையும் பாழாக விடுகின்றனர் என்று தம் இனத்தாரையே குறை கூறினார்.

கோட்டையில் கண்ட காட்சி

கோட்டைக்குள் அப்போது காய்ச்சல் பரவியிருந்தமையால் ஐயர் கோட்டைப்புறத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார். எந்நேரமும் உள்ளே சென்று வர அவருக்கு உரிமை அளிக்கப்பெற்றது. ஐதரின் படையில் வேலை பார்த்த ஜெர்மானியர் சிலரும் தமிழ்க் கிறிஸ்தவர் சிலரும் அங்கே இருந்தனர். அவர்களைக் கூட்டி ஐயர் வழிபாடு நடத்தினார், பாடினார், போதித்தார். யாரும் தடுக்கவில்லை. சமயத்தைப் பொறுத்தவரை அவரவர் விருப்பத்துக்கே ஐதர் விட்டுவிடுகிறார் என்று ஐயரே எழுதியுள்ளார். கோட்டையின் நிழலில், ஓர் இஸ்லாமிய மன்னரின் ஆட்சியில், ஜெர்மானியர் ஒருவர் தலைமையில் தமிழர் கூடி இறைவனை வழுத்திய காட்சியை எண்ணிப் பாருங்கள்! மைசூர் மண்ணில் தமிழ் ஒலித்த வரலாற்றில் இதுவும் ஓர் ஏடு.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் அவருடைய நினைவாற்றல் ஐயரை வியப்பில் ஆழ்த்தியது. ஒருவனைக் கொண்டு கடிதம் எழுதச் செய்வார். அவனையே படிக்கச் சொல்வார். பின்னர் வேறொருவனை அழைத்து மீண்டும் படிக்கச் சொல்வார். எழுதியவன் ஒரு சொல்லை மாற்றியிருந்தாலும் அவன் தலைக்கு ஆபத்து. தவறு செய்தவரைத் தண்டிக்கச் சாட்டையுடன் இருநூறு பேர் எப்போதும் ஆயத்தமாக நின்றனர். குதிரைக்காரன், வரி தண்டுவோன், தம் சொந்த மகன் என்ற வேறுபாடு அங்கில்லை. அதே ஐதர், தாய் தந்தையற்ற சிறுவர்களைத் திரட்டி, உணவும் உடையும் கொடுத்து, சிறிய மரத்துப்பாக்கிகள் தந்து பயிற்றுவித்தார். அப்பிள்ளைகளைப் பேணுவது கண்டு ஐயர் மகிழ்ந்தார்.

மன்னர் ஐயரைத் தம் அருகில் விரிப்பின்மீது அமரச் செய்தார். அவர் சொன்ன யாவற்றையும் பரிவோடு கேட்டார். பின்னர் தம் உள்ளத்தையும் ஒளிக்காமல் திறந்தார். ஐரோப்பியர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குறுதிகளை மீறினர் என்பது அவர் குறை. அப்படியிருந்தும் அமைதியோடு வாழத் தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். விடைபெறும் மாலையில் ஐயர் தாம் வந்த காரணத்தை விளக்கினார். அரசியலில் தொடர்பில்லாத குரு தாம். போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவராதலின், அமைதிக்காக மட்டுமே வந்ததாகக் கூறினார். தமது கருத்தும் அதுவே என்று ஐதர் மனமுவந்து மறுமொழி சொன்னார்.

பல்லக்கில் இருந்த பணமுடிப்பு

விடைபெற்ற ஐயர் பல்லக்கில் ஏறச் சென்றார். உள்ளே 300 ரூபாய் கொண்ட முடிப்பு ஒன்று இருந்தது. வழிச் செலவுக்காக மன்னர் அனுப்பியது.

ஐயர் அதனைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். எடுத்துச் சென்றால் தங்கள் உயிருக்கு உலை என்று பணியாளர் நடுங்கினர். தாமே சென்று கொடுப்பதாகக் கூறினார். இறுதியாக விடைபெற்றவரை மீண்டும் அவையில் விடுவது மரபன்று என்றனர். ஐயர் பெரும் பரிசை ஏற்கமாட்டார் என்பதை அறிந்தே மன்னர் சிறு தொகையாக அனுப்பினார் என்றும் எடுத்துரைத்தனர். வேறு வழியின்றிப் பணத்துடன் புறப்பட்டார்.

சென்னை சேர்ந்ததும் அம்முடிப்பை அப்படியே அரசாங்கத்தாரிடம் ஒப்படைத்தார். அவர்களோ, நீரே வைத்துக்கொள்ளும் என்றனர். கொடுத்தவர் மன்னர், வைத்துக்கொள்ளச் சொன்னவர் ஆளுநர். இனி யார் கேட்கப் போகிறார்கள்? ஆயினும் ஐயர், அத்தொகையை முதலாக வைத்துத் தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி ஒன்று தொடங்க இசைவு கேட்டுப் பெற்றார். ஐதர் அலியின் பணம் தஞ்சைப் பிள்ளைகளின் கல்விக்கு வித்தாயிற்று. பின்னாளில் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஐயரின் முயற்சியால் பள்ளிகள் எழுந்தன. தஞ்சைத் தூய பேதுரு பள்ளி இன்றும் ஐயரைத் தன் நிறுவனராகப் போற்றுகின்றது.

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலங் கழிக்கும் என் போன்றோர்க்குப் பயணப்படி என்பது நன்கு பழகிய சொல். வெளியூர்க் கடமையில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்டால் முழுப்படி. குறைந்தால் படியும் குறையும். வேலையிற் சேர்ந்த புதிதில் ஒருநாள், பொழுது சாயுமுன் திரும்பிவிட்ட நான், இரவு திரும்பியதாக நேரம் குறித்து முழுப்படி எழுதினேன். பட்டியல் தேறியது, பணமும் வந்தது. ஒருவரும் கேட்கவில்லை. கிடைத்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத தொகை. ஆனால் அன்று முதல் பிறர் பட்டியலைச் சரிபார்க்கும்போதெல்லாம் என் கையெழுத்து எனக்கே கூசுகின்றது. ஐயரின் 300 ரூபாயைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டியலே. ஆன்மாவை இழப்பது என்றால் பெரும் பாவம் ஒன்றில் விழுவது என்று எண்ணியிருந்தேன். யாரும் கேளாத ஒரு சிறு தொகையிலும் அது நிகழும் என்று பின்னரே விளங்கியது.

தூது என்னவாயிற்று?

ஐயரின் தூது வென்றதா? இல்லை. அடுத்த ஆண்டில் கும்பெனியார் அனுப்பிய வேறொரு தூதரை ஐதர் மதிக்கவில்லை; அவர் பயனின்றித் திரும்பினார். 1780 ஜூலையில் ஐதரின் பெரும்படை மலையிறங்கிக் கர்நாடகத்திற் பாய்ந்தது. செப்டம்பர் 10-இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. தரியா தௌலத் சுவரில் நம் பிள்ளைகள் பார்க்கும் ஓவியம், ஐயர் தடுக்க நினைத்துத் தடுக்க முடியாமற்போன போரின் ஓவியமே ஆகும்.

அவரைத் தூது அனுப்பிய ரம்போல்டின் கதை என்ன? ஈராண்டு ஆளுநராயிருந்து தாயகம் திரும்பிய அவர், முறைகேடாகப் பெருஞ்செல்வம் ஈட்டினார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். 1781-இல் கும்பெனியார் அவரைப் பணியிலிருந்து நீக்கினர். ஆங்கில நாடாளுமன்றத்திலும் விசாரணை எழுந்தது. முடிவு காணாமலே அது கைவிடப்பட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை எனினும், பழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அனுப்பியவர் மேல் பணப்பழி. அனுப்பப்பட்டவர் பெயரில் ஒரு பள்ளி. இதனை வாசகர்கள் தாமே எடைபோட்டுக் கொள்ளலாம்.

போர் நடக்கையிலும் ஐதர் ஐயரை மறக்கவில்லை. அம்முதியவர் எங்குச் சென்றாலும் தடுக்கலாகாது, மரியாதை செய்ய வேண்டும் என்று தம் படையினர்க்கு ஆணையிட்டார் என்பர். இரு படைகளுக்கும் நடுவே ஐயர் தொண்டு செய்து திரிந்தார். ஐதர் 1782 டிசம்பரில் இறந்தார். அதன்பின் திப்புவிடம் செல்லும் சமாதானத் தூதரோடு சேருமாறு கும்பெனியார் ஐயரை மீண்டும் வேண்டினர். அவர் சத்தியமங்கலம் வரையில் சென்றும், மேற்செல்ல விடப்படாமல் திரும்பினார்.

ஆயிரம் எருதும் எண்பதாயிரம் கலமும்

தூது தோற்றது, ஆனால் தூய கை தோற்கவில்லை. அதன் பயன் தஞ்சையில் விளங்கிற்று.

போரினால் தஞ்சை நாடு பாழாயிற்று. நீர்நிலைகள் உடைந்தன, வயல்கள் தரிசாயின, பசியால் மாண்டோர் தெருவிற் கிடந்தனர். முன்னறிவோடு விலை மலிந்த காலத்தில் நெல் வாங்கிச் சேமித்து வைத்திருந்த ஐயர், அதனைக் கொண்டு பசித்தோர்க்கு மாதக் கணக்கில் உணவளித்தார். கோட்டைக்குள் படைவீரரும் பட்டினி. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதை ஏற்றிவர எருதுகளும் இருந்தன. ஆனால் குடியானவர் கொண்டுவர மறுத்தனர். முன்னம் கொண்டுவந்தவர்களுக்கு விலை கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். மன்னர் ஆணையிட்டார், ஒருவரும் அசையவில்லை. கும்பெனியார் கேட்டனர், ஒருவரும் நம்பவில்லை.

அப்போது மன்னரே, நம் எல்லோருடைய வாக்கும் மதிப்பிழந்துவிட்டது, சுவார்ட்ஸின் வாக்கை மக்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று கூறி, அவருக்கு முழு அதிகாரம் அளித்தார். ஐயர் தம் பெயரால் ஊர்களுக்குச் சொல்லியனுப்பினார். தவறாமல் விலை கொடுப்பதாக வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் சேர்ந்தது. கோட்டை பிழைத்தது. சொன்னபடியே ஐயர் ஒவ்வொருவர்க்கும் கணக்குத் தீர்த்தார்.

அரசனின் ஆணைக்கு அசையாத எருது, ஏழைப் பாதிரியாரின் சொல்லுக்கு அசைந்தது எதனால்? உலக இலாபம் வேண்டாம் என்று ஒதுங்கியவனையே, உலகத்தார் தம் நெல்லைக் கொடுத்து நம்புகின்றனர். அந்நம்பிக்கை சீரங்கப்பட்டணத்தில் ஒருநாளில் பிறந்ததன்று. திருச்சிச் சிற்றறையிலும், முரட்டு அங்கியிலும், திருப்பிக் கொடுத்த பணமுடிப்பிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த முதல் அது. 1783-இல் தென்னாட்டுப் படைக்குத் தலைமை தாங்கிய புல்லர்ட்டன் என்பார், ஐரோப்பியர் அனைவரும் கெட்டவர் என்ற பழிச்சொல்லிலிருந்து அவர்தம் பெயரை மீட்டவர் இந்த ஒரு குருவே என்ற கருத்துப்பட எழுதினார்.

குறையும் நிறைவும்

ஐயரைக் குறையற்றவர் என்று கூற வரவில்லை. கும்பெனியின் சம்பளம் பெற்றவர். கும்பெனியின் ஆதிக்கம் வளர்ந்ததற்கு அவருடைய நற்பெயரும் துணைநின்றது. தஞ்சைச் சபையில் சாதி வாரியாகப் பிரிந்து அமரும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்து ஒழிக்கவில்லை. காலப்போக்கில் மறையும் என்று பொறுத்தார். அப்பொறுமையினால் பின்வந்தோர் பெரும் பூசலைச் சந்திக்க நேர்ந்தது. தன் ஆன்மாவைக் காப்பவனும் தன் காலத்தின் எல்லையை முழுதும் தாண்டிவிடுவதில்லை என்பதை இதனால் அறிகின்றோம்.

1787-இல் மரணப்படுக்கையில் கிடந்த துளஜா மன்னர், தம் சுவீகாரப் புதல்வர் சரபோஜியின் நலனை ஐயரிடம் ஒப்புவித்தார். சமயத்தால் வேறுபட்ட ஒருவரிடம் தம் பிள்ளையை ஒரு மன்னர் நம்பி விட்டார் என்பது சிறு செய்தியன்று. சரபோஜிக்குச் சிற்றப்பனால் இடர் நேர்ந்தபோது ஐயர் முயன்று அவரைக் காப்பாற்றிச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். பாளையங்கோட்டையிலிருந்து தாம் அழைத்துவந்து வளர்த்த ஏழைச் சிறுவர் ஒருவரையும் கல்வியில் உயர்த்தினார். அவரே பின்னாளில் தமிழ்க் கவிஞராகப் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையில் இறந்தார். சரபோஜி வந்து உடலைக் கண்டு கண்ணீர் வடித்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய அம்மன்னர், இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் ஒன்று செய்வித்தார். ஐயர் படுக்கையில் கிடக்க, மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கும் காட்சி அது. பெரிய கோயிலுக்கு அருகே சிவகங்கைத் தோட்டத்தில், ஐயர் 1779-இல் கட்டிய ஆலயத்தில் இன்றும் அதனைக் காணலாம். கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கு ஆங்கிலப் பாடலையும் மன்னரே இயற்றினார்.

அன்பர்களே! பிழைப்பைத் தேடி நம் முன்னோர் காவிரியின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரைக்கு வந்தனர், நாமும் வந்தோம். வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், சங்கமும் வைத்தோம். பொருளீட்டியதில் தவறில்லை. ஈட்டிய பொருளோடு நம் பிள்ளைகளுக்கு எதனை விட்டுச் செல்கின்றோம் என்பதே கேள்வி. அடுத்த முறை உறவினரோடு சீரங்கப்பட்டணம் செல்லும்போது, கோட்டை மதிலுக்கு வெளியே சற்று நின்று, பல்லக்கில் பணமுடிப்பைக் கண்டு திகைத்து நின்ற அம்மனிதரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் தோற்ற போர் சுவரில் ஓவியமாக இருக்கின்றது. அவர் காத்த நாணயத்தைக் காட்டுவதற்கு அங்கே ஓவியம் ஏதும் இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.